சாமியாட்டம் மருந்தாகுமா?

கேள்வி: ஆப்பிரிக்கச் சடங்குகளைப் படமாக்கிய பிரெஞ்சு ஆவணப்பட இயக்குநர் ழான் ரூஷ், சாமியாட்டத்தால் மனநோய் தீரும் என்று நிறுவியிருப்பதாக எங்கள் ஊர்த் திரைப்படச் சங்கத்தில் ஒருவர் பேசினார். உண்மைதானா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: நிறுவவில்லை, அப்படியும் இருக்குமோ என்று கேட்டதோடு நிறுத்திக்கொண்டார். அன்று கோல்டு கோஸ்ட் எனப்பட்ட இன்றைய கானாவில், அக்ரா நகரத்தை ஒட்டி 1954-இல் அவர் எடுத்த 'லே மேத்ர் ஃபூ' என்ற படத்தில், நைஜரிலிருந்து பிழைக்க வந்த கூலித் தொழிலாளர்கள் 'ஹௌகா' ஆவிகள் தம்மேல் இறங்க ஆடுகிறார்கள். அந்த ஆவிகள் மூதாதையரோ காவல் தெய்வங்களோ அல்ல. ஆளுநர், தளபதி, ரயில் ஓட்டுநர் என்று காலனி ஆட்சியின் ஆட்களே ஆவியாக வந்து இறங்குகிறார்கள். வாயில் நுரை தள்ள ஆடி, நாயை அறுத்து உண்டவர்கள், மறுநாள் சிரித்த முகத்தோடு வேலைக்குத் திரும்புவதைப் படம் காட்டுகிறது. சிலர் குழி தோண்டிக்கொண்டிருக்கும் இடம் மனநல மருத்துவமனையின் முன்புறம்! நமக்குத் தெரியாத ஏதோ ஒரு மருந்து இவர்களுக்குத் தெரிந்திருக்கிறதோ என்று ரூஷின் குரல் வினவுவது அந்தக் காட்சியின்மேல்தான்.

முந்தைய நாளையும் மறுநாளையும் அடுத்தடுத்து ஒட்டியதில் பிறந்த அந்தக் கேள்வியை மருத்துவச் சான்றாக என்னால் ஏற்க இயலவில்லை. ஆடியவர்கள் சில மாதங்கள் கழித்து எப்படி இருந்தார்கள் என்பதைப் படம் தொடரவில்லை. ஆட்டம் தங்களுக்கு என்ன செய்தது என்பதையும் அவர்கள் வாயால் நாம் கேட்பதில்லை, விளக்கம் முழுவதும் ரூஷுடையது. ஆப்பிரிக்கர்களைப் பூச்சிகளைப் போலப் பார்க்கிறீர்கள் என்று செனகல் இயக்குநர் உஸ்மான் செம்பேன் அவரிடம் நேரிலேயே குறைபட்டார். ஆயினும் இந்தச் சடங்கைப் படமெடுக்க ரூஷை அழைத்தவர்கள் அதன் பூசாரிகளே என்பதையும் மறக்கக்கூடாது.

கேள்வி: அவருக்கு இந்த ஈடுபாடு எப்படி வந்தது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: 1941-இல் சாலை போடும் பொறியாளராகவே அவர் நைஜருக்குப் போனார். அங்கே மின்னல் தாக்கி அவருடைய வேலையாட்கள் பத்துப் பேர் இறந்தபோது, உடன் பணியாற்றிய தமூரே ஸிகா என்ற இளைஞரின் பாட்டி வந்து சடங்கு நடத்தினார். ரூஷ் கண்ட முதல் ஆவியாட்டம் அது. பின்னாளில் ரூஷின் படங்களில் நடித்த அந்த ஸிகா, செவிலியர் வேலையும் பார்த்தார், தம் சோர்க்கோ குலத்தின் பரம்பரை வைத்தியத்தையும் விடாமல் செய்தார்.