வாசகர் கேள்வி: கவுன்டி ஆல்ரவுண்டர்கள்

கேள்வி: இங்கிலாந்தின் கவுன்டி கிரிக்கெட்டில் ஒரே சீசனில் 1000 ரன், 100 விக்கெட் என்ற ‘டபுள்’ சாதனையை இப்போது யாருமே எட்டுவதில்லையே? – ஆர்.எம்., ஆத்தூர்

பதில்: அதற்கு ஆட்டங்கள் போதாது. இன்று ஒரு கவுன்டிக்கு (மாவட்ட அணிக்கு) அவற்றின் லீக்கான சாம்பியன்ஷிப்பில் 14 ஆட்டம்தான். யார்க்‌ஷயரின் வில்ஃப்ரெட் ரோட்ஸ் 16 முறை டபுள் எடுத்த காலத்தில் இதைப்போல் இரு மடங்கு ஆடினார்கள். 1969ல் ஆட்டங்களைக் குறைத்த பிறகு எட்டியவர்கள் இருவரே: 1984ல் ரிச்சர்ட் ஹேட்லீ, 1988ல் ஃபிராங்க்ளின் ஸ்டீஃபன்சன். இருவரும் நாட்டிங்கம்ஷயர்.

கேள்வி: இங்கிலாந்து அணிக்கு ஒரு ஆட்டம்கூட ஆடாத டேரன் ஸ்டீவன்ஸ், 46 வயது வரை கவுன்டியில் நிலைத்தது எப்படி? பந்தில் வேகமும் இல்லையே? – கே.எஸ்., ஓமலூர்

பதில்: லெஸ்டர்ஷயரில் பேட்ஸ்மேனாகத் தொடங்கியவர் அவர். 2005ல் கென்ட்டுக்கு வந்த பிறகுதான் பந்துவீச்சு அவருக்கு இரண்டாவது தொழிலானது. வேகம் மணிக்கு 110 கிலோமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். சேலம் லீக்கிலேயே அதைத் தாண்டிப் போடும் பையன்கள் உண்டு. ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் இங்கிலாந்து பிட்ச்சில் ஈரம் இருக்கும். அங்கே ஆடும் டியூக்ஸ் பந்தின் 6 வரிசைத் தையலும் கையால் போட்டது, புடைத்து நிற்கும். அந்தத் தையலை நிமிர்த்திப் பிடித்து, ஸ்டம்புக்கு 6 மீட்டர் முன்னே விடாமல் குத்தினால், பந்து உள்ளே வருமா வெளியே போகுமா என்று போட்டவருக்கே தெரியாது. பேட்ஸ்மேன் இறங்கி வந்து அந்த அசைவை அடக்கப் பார்ப்பார். அதைத் தடுக்கத்தான் கீப்பர் ஸ்டம்பை ஒட்டி நிற்பார். கிரீஸை விட்டால் ஸ்டம்பிங். உள்ளேயே நின்றால் எல்பிடபிள்யூ.

பேட்டிங்கை மறந்துவிடாதீர்கள். 2019ல் ஒப்பந்தத்தை நீட்டிப்பதில்லை என்று கென்ட் முடிவெடுத்திருந்த நேரம். ஹெடிங்லியில் யார்க்‌ஷயருக்கு எதிராக கென்ட்டுக்கு 39 ரன்னுக்கு 5 விக்கெட் போயிருந்தது. சாம் பில்லிங்ஸுடன் சேர்ந்து 346 ரன் சேர்த்தார். அவர் பங்கு 237. அதே ஆட்டத்தில் 20 ரன்னுக்கு 5 விக்கெட்டும் எடுத்தார். வயது 43! ஒப்பந்தம் தானாகத் திரும்பி வந்தது. 2021ல் கிளமார்கனுக்கு எதிராக 190. அன்று ஒன்பதாவது விக்கெட்டுக்குச் சேர்ந்த 166 ரன்னில் துணை நின்ற மிகுவல் கம்மின்ஸ் எடுத்தது 1.

கேள்வி: என் மகனுக்கு 15 வயது. ஏற்காட்டில் மேட் (பாய்) விரித்து மிதவேகம் போடும்போது விக்கெட் விழுகிறது. கீழே காட்டுவேப்பிலைப்பட்டி டர்ஃப்பில் (இயற்கை ஆடுகளத்தில்) அடி வாங்குகிறான். என்ன செய்யலாம்? – ஜே.வி., ஏற்காடு

பதில்: மேட் விரிப்பில் பந்து பிடித்து எழும்பும், அதனால் பையன்கள் ஷார்ட்டாக, அதாவது பேட்ஸ்மேனுக்குத் தள்ளியே குத்திப் பழகிவிடுகிறார்கள். டர்ஃப்பில் அதே இடத்தில் குத்தினால் பந்து இடுப்பளவில் சுகமாக வந்து நிற்கும், ‘கட்’ ஷாட்டும் ‘புல்’ ஷாட்டும் பறக்கும். ஸ்டம்பிலிருந்து 5 மீட்டரிலும் 7 மீட்டரிலும் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். 36 பந்தில் எத்தனை அதற்குள் விழுகிறது என்று எழுதி வையுங்கள். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் தையலின் இருபுறம், கட்டைவிரல் அடியில் தையல் மேல், விடும்போது மணிக்கட்டு பந்துக்கு நேர் பின்னால். வேகத்தைக் கூட்டப் பார்த்தால் தலை பக்கவாட்டில் சாயும், மணிக்கட்டு சரியும், தையல் தள்ளாடும். முதலில் தலையைச் சரிசெய்யுங்கள்.

ஓவர் கணக்கிலும் கண்டிப்பு வேண்டும். இந்த வயதுக்கு இங்கிலாந்தில் வெகுகாலம் வைத்திருந்த வரம்பு ஒரு ஸ்பெல்லுக்கு (இடைவிடாமல் ஒரு முனையிலிருந்து போடுவதற்கு) 6 ஓவர், நாளுக்கு 12. கீழ்முதுகில் ஒரு பக்கமாக வலி வந்தால் பந்துவீச்சை அன்றே நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள். எலும்பில் விழும் மெல்லிய விரிசல் சாதாரண எக்ஸ்ரேயில் தெரியாமல் போகலாம். எம்ஆர்ஐ தேவையா என்று அவரிடமே கேளுங்கள்.