பில்டர் வாடகை தரவில்லை, நான் ஏன் காலி செய்ய வேண்டும்?

கேள்வி: மும்பை சயான் கோலிவாடாவில் எங்கள் குடிசை ரூமை எஸ்.ஆர்.ஏ. (குடிசை மறுவாழ்வு ஆணையம்) திட்டத்துக்காக 2021-ல் இடித்தார்கள். அங்கே பில்டர் எங்களுக்கு வீடு கட்டித் தர வேண்டும். வீடு பெறத் தகுதியுள்ளவர்களின் அனெக்ஸர் 2 பட்டியலில் என் பெயர் இருக்கிறது. அதுவரை வெளியே தங்க மாதம் 15,000 ரூபாய் வாடகை தந்துவந்த பில்டர் 9 மாதமாகத் தரவில்லை. ஆண்டாப் ஹில்லில் 60,000 டெபாசிட், 16,000 வாடகைக்கு இருக்கிறேன். கடன் வாங்கி வாடகையைக் கட்டிவிட்டேன். 11 மாத அக்ரிமென்ட் போன மாதம் முடிந்தது. ஓனர் காலி செய்யச் சொல்கிறார். "பில்டரைப் போய்க் கேளுன்னு சொல்லிட்டு உட்காரு" என்கிறார் எங்கள் குடிசைக்காரர்கள் சொசைட்டியின் செயலாளர். கணவர் இல்லை. வீட்டு வேலை செய்து இரண்டு பிள்ளைகளைப் படிக்க வைக்கிறேன். என்ன செய்வது?

பதில்: அம்மா, பில்டர் ஏமாற்றியதும், செயலாளர் அவர் பக்கம் சாய்ந்ததும், தேர்தல் சமயத்தில் வந்து போனவர்கள் சொன்னதும் என்று ஆறு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் உண்மையாகவே இருக்கட்டும். உங்கள் வழக்கில் எடுபடப்போவது ஒரே ஒரு தேதி: அக்ரிமென்ட் முடிந்த தேதி.

உங்களுக்கும் பில்டருக்கும் இருப்பது ஒரு ஒப்பந்தம். உங்களுக்கும் ஓனருக்கும் இருப்பது வேறொன்று. அதில் பில்டர் கையெழுத்தே இல்லை. பில்டர் தராததை ஓனரிடம் உங்கள் கஷ்டமாகச் சொல்லலாம். காலி செய்யாததற்குச் சட்டப்படியான பதிலாகச் சொல்ல முடியாது. 1999-ம் ஆண்டு மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 24-வது பிரிவு, லைசென்ஸ் (உங்கள் 11 மாத அக்ரிமென்ட் இந்த வகைதான்) காலம் முடிந்தும் காலி செய்யாதவர் லைசென்ஸ் தொகையைப்போல இரண்டு மடங்கு இழப்பீடு தர வேண்டும் என்கிறது. உங்களுக்கு அது மாதம் 32,000. உங்கள் டெபாசிட் இரண்டு மாதத்துக்குக்கூடத் தாங்காது. செயலாளர் சொன்ன யோசனையின் விலை இதுதான். அதைக் கட்டப்போவது அவர் இல்லை.

என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் இதைவிட ஒரு படி தள்ளி விழுந்தபிறகுதான் வருகிறார்கள். ஓனர் காம்பிடன்ட் அதாரிட்டியிடம் (இந்தச் சட்டப்படி காலி செய்யும் வழக்குகளை விசாரிக்கும் அதிகாரி) மனு போடுவார், சம்மன் வரும். ‘தேதிக்குப் போய் நிலைமையைச் சொல்லிக்கொள்ளலாம்’ என்று அதை அலமாரியில் வைத்துவிடுவார்கள். அங்கே அப்படி நடக்காது. சம்மன் கிடைத்த 30 நாளுக்குள், எதிர்த்து வாதாட அனுமதி கேட்டு அஃபிடவிட் போட வேண்டும். போடவில்லையென்றால் ஓனர் சொன்னது அத்தனையும் ஒப்புக்கொண்டதாக எடுத்துக்கொண்டு உத்தரவு போட்டுவிடுவார்கள். போட்டாலும் உங்களிடம் சொல்ல என்ன இருக்கிறது? பதிவான அக்ரிமென்ட், முடிந்துபோன காலம். எந்த வக்கீலாவது ‘இரண்டு வருடம் இழுத்துத் தருகிறேன்’ என்றால், இரட்டை வாடகையும் இரண்டு வருடம் ஏறும் என்று அவருக்கு ஞாபகப்படுத்துங்கள்.

அதனால் ஓனரோடு சமாதானம் பேசுங்கள், இந்த வாரமே. முதல் யோசனை, கொஞ்சம் கூட்டிக் கொடுத்தாவது புது அக்ரிமென்ட், பதிவோடு. ஒப்புக்கொள்ளவில்லையா, பள்ளி ஆண்டு முடியும்வரை நேரம் கேளுங்கள்: பழைய வாடகையே, இரட்டிப்பு கேட்கமாட்டேன் என்று ஓனர் எழுத்தில் தர வேண்டும். வாயால் ‘பார்த்துக்கலாம்’ என்றது போதாது. ஓனர் மனு போட்டபிறகு, இருவரும் ஒப்புக்கொண்டபடி அங்கேயே சம்மத உத்தரவு எழுதுவதாக இருந்தால், உண்மையிலேயே காலி செய்ய முடிகிற தேதியைப் போடுங்கள். பயத்தில் ‘இரண்டு மாதம்’ என்று எழுதிவிட்டு, அப்புறம் நீட்டிக்கச் சொல்லி அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தக் காகிதத்தை வைத்தே சாமானை வெளியே வைத்துவிடலாம்; மறுபடி விசாரணை கிடையாது.

பில்டர் விஷயம் தனி. எஸ்.ஆர்.ஏ.வில் மனு கொடுப்பது உங்களுக்குத் தெரியும், கொடுங்கள். பில்டரையே மாற்ற குடிசைப் பகுதிச் சட்டத்தின் 13(2) பிரிவில் வழி இருக்கிறது. ஆனால் அதை நம்பி அடுத்த மாத வாடகையைக் கணக்குப் போடாதீர்கள். பில்டர் இரண்டு வருட வாடகையை முன்கூட்டியே கட்டி, மூன்றாம் வருடத்துக்குப் பின்தேதியிட்ட செக் கொடுக்க வேண்டும் என்ற எஸ்.ஆர்.ஏ. சுற்றறிக்கை 2023-ல்தான் வந்தது. உங்கள் ரூம் அதற்கு முன்பே போய்விட்டது.

9 மாத பாக்கிக்கு 5 மாதம் தருவதாக பில்டர் ஆபீஸில் சொன்னார்கள் என்று கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை முதல் பக்கத்தில் எழுதியிருக்க வேண்டும். பணத்தை வாங்குங்கள், வங்கி வழியாக. ஆனால் அந்த வவுச்சரில் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற வரி இருக்கும். அதை அடித்து, எந்தெந்த மாதத்துக்கு என்று எழுதச் சொல்லுங்கள். அடிக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள். பழைய பாக்கியில் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம், வரப்போகும் மாதங்களையும் திட்டத்தில் கிடைக்க வேண்டிய 300 சதுர அடி வீட்டையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. கடனைத் தீர்க்கிறேன் என்று எவராவது பவர் ஆஃப் அட்டர்னி பத்திரத்தோடு வந்தாலும் கையெழுத்து வேண்டாம்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்கிறீர்கள். 1987-ம் ஆண்டு சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-வது பிரிவில், வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. அக்ரிமென்ட், அனெக்ஸர் 2-ல் உங்கள் பெயர் உள்ள பக்கம், பில்டர் கடைசியாகப் பணம் போட்ட பாஸ்புக் பக்கம், மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட சட்டப்பணிகள் ஆணைய அலுவலகத்துக்குப் போங்கள். சம்மன் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.