எம்33-இன் இளம் விண்மீன் கொத்துகள்: வாசகர் கேள்விகள்

8 அங்குலத் தொலைநோக்கியில் புற ஊதா ஃபில்டர் போட்டு எம்33 என்ற கேலக்ஸியின் விண்மீன் கொத்துகளைப் படமெடுக்கலாமா? (ஏற்காடு)

முடியாது. 300 நானோமீட்டருக்குக் கீழான ஒளியை ஓசோன் விழுங்கிவிடும். அதன் பெரும்பகுதி 15 கி.மீ.க்கு மேலே இருக்கிறது. சேர்வராயனின் 1,500 மீட்டர் அதற்கு எம்மாத்திரம்? காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கும் இதே கதிதான். கேமராக் கடை ‘யூவி ஃபில்டர்’ புற ஊதாவைத் தடுக்கிற கண்ணாடி என்பது தனி வேடிக்கை.

என்ஜிசி 604 உங்களுக்குக் கிடைக்கும். எம்33-இன் மையத்துக்கு வடகிழக்கே, இளம் நட்சத்திரங்கள் ஒளியேற்றும் வாயுத்திட்டு. மழை ஓய்ந்த ஜனவரியில், நிலா இல்லாத நாளில், இருட்டியதும் உச்சிக்குச் சற்று வடமேற்கே தேடுங்கள்.

கல்லூரி திட்டப்பணிக்குத் தரவு எங்கே கிடைக்கும்? எப்படி அளப்பது? (அஸ்தம்பட்டி)

இஸ்ரோவின் ஐஎஸ்எஸ்டிசி காப்பகத்தில் பதிவு செய்துகொண்டு, ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளின் யூவிட் (புற ஊதாத் தொலைநோக்கி) படங்களை எடுங்கள். பார்வைப்புலம் 28 ஆர்க்மினிட். எம்33 ஒரு பாகைக்கு (60 ஆர்க்மினிட்) மேல் நீளம்; ஒரே படத்தில் அடங்காது. மையமா, சுருள் கரமா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். அருகுப் புற ஊதாப் (கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அருகில் உள்ளது) பிரிவு 2018-இல் நின்றுபோனது; பிந்தைய தரவில் தூரப் புற ஊதா (அலைநீளம் இன்னும் குறைந்தது) மட்டுமே இருக்கும்.

கயா விண்கலத்தின் பட்டியலில் உள்ள நட்சத்திரங்களை வைத்து ஆயங்களைச் (வான இடக்குறிப்புகளை) சரிபார்த்த பிறகே அளவெடுங்கள். ஒரு பிக்சல் சுமார் 0.417 ஆர்க்செகண்ட். கரங்களில் நெரிசல் அதிகம் என்பதால் 4 பிக்சல் ஆரமுள்ள வட்டம் போதும். வெளியே சிந்தும் ஒளியை ஈடுகட்ட, தனித்து நிற்கும் ஒரு நட்சத்திரத்தை 4, 12 பிக்சல் இரண்டிலும் அளந்து வித்தியாசத்தைச் சேருங்கள். பின்னணியைக் கொத்தின் அருகிலேயே எடுக்க வேண்டும். கேலக்ஸிக்கு வெளியே எடுத்தால் கரத்தின் பரவலான ஒளியும் கொத்தின் கணக்கில் ஏறிவிடும். ஒளித்துகள்களின் மொத்த எண்ணிக்கையா, வினாடிக்கு எண்ணிக்கையா என்று கோப்பின் தலைப்பில் பாருங்கள். 10,000 வினாடிப் படத்தில் வகுக்க மறந்தால் விடை சரியாக 10 மேக்னிடியூட் (பொலிவின் அலகு) பிசகும்.

கொத்து நீலமாக இருந்தால் இளையது என்று எழுதிவிடலாமா? (ஆத்தூர்)

தூசியைக் கணக்கில் எடுக்காமல் எழுதாதீர்கள். நம் பால்வெளித் தூசி விதிப்படி (எந்த அலைநீளத்தில் தூசி எவ்வளவு ஒளியை மறைக்கும் என்ற கணக்கு), சிவப்பேற்றம் (தூசியால் நிறம் சிவக்கும் அளவு) 0.1 மேக்னிடியூட் என்றால் தூரப் புற ஊதாவில் மட்டும் சுமார் 0.8 போய்விடும். பாதி ஒளி காணாமல் போனால் கணக்கிடும் கொத்தின் நிறையும் பாதியாகத்தான் வரும். தூர–அருகு புற ஊதா நிறம் மட்டும் அவ்வளவாக அசையாது: அருகுப் பட்டைக்குள் 217.5 நானோமீட்டரில் தூசி கூடுதலாக உறிஞ்சுவதால் இரண்டும் ஏறக்குறைய சமமாக மங்கும். அந்த உறிஞ்சல் பலவீனமான சிறிய மெகல்லன் மேகம் என்ற பக்கத்துக் கேலக்ஸியின் தூசி விதியைப் போட்டால் இந்தச் சமன் உடைந்துவிடும். இரண்டு விதியிலும் கணக்கிட்டு, வரும் வயது வேறுபாட்டையே பிழையளவாகக் காட்டுங்கள். ஹைட்ரஜன்-ஆல்ஃபா ஒளியும் (ஹைட்ரஜன் வாயுவின் சிவப்பு ஒளி) பலமாகத் தெரிந்தால், வயது பெரும்பாலும் 1 கோடி ஆண்டுக்குள்.

புள்ளி கொத்தா, ஒற்றை நட்சத்திரமா? (ஓமலூர்)

யூவிட் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய அளவான 1.5 ஆர்க்செகண்ட், எம்33-இன் தூரத்தில் (சுமார் 27 லட்சம் ஒளியாண்டு) 20 ஒளியாண்டு. பல கொத்துகள் அதற்குள் அடங்கிவிடும். சூடான ஒற்றை நட்சத்திரமும் அதே புள்ளியாகத்தான் விழும். அதே இடத்தின் ஹப்பிள் படத்தை மாஸ்ட் என்ற விண்வெளித் தொலைநோக்கித் தரவுக் காப்பகத்தில் எடுத்து மேலே பொருத்துங்கள். ஹப்பிள் படம் இல்லாத புறப்பகுதிப் புள்ளிகளுக்குப் பட்டியலில் ‘கொத்து வேட்பாளர்’ என்று மட்டும் போடுங்கள்.