அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் படித்தீர்களா? மரபணுச் சோதனை: கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கையில் ஓர் அறிக்கையை வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. அது எந்தச் சோதனையின் அறிக்கை என்பதைச் சொன்னவர்களோ மூன்றே பேர். மரபணு என்ற சொல் எல்லோருக்கும் பழகியது; மாறுபாடு என்பது மரபணுவின் எழுத்துத் தொடரில் காணும் வேறுபாடு. இவ்வளவு போதும் என்று கொண்டு நேராகப் பதிலுக்குச் செல்கிறேன்.

கேள்வி: நானும் என் தங்கையும் ஒரே நிறுவனத்தில் பூர்விகச் சோதனை செய்துகொண்டோம். விழுக்காடுகள் வேறுவேறாக வந்துள்ளன. மாதிரி மாறிவிட்டதா?

பதில்: மாறியிருந்தால் அந்த நிறுவனத்தின் உறவினர் பட்டியலில் நீங்கள் இருவரும் உடன்பிறந்தோராகக் காட்டப்பட்டிருக்க மாட்டீர்கள், முதலில் அதைப் பாருங்கள். தாயும் தந்தையும் தத்தம் மரபணுத் தொகுப்பில் பாதியைத்தான் ஒரு குழந்தைக்குத் தருகிறார்கள். எந்தப் பாதி என்பது ஒவ்வொரு முறையும் சீட்டுக்கட்டைக் கலைத்துப் போடுவது போலத்தான். உடன்பிறந்தோர் சராசரியாகப் பாதியைப் பகிர்கிறார்கள் என்றாலும், அது 40 விழுக்காடாகவும் இருக்கலாம், 60 விழுக்காடாகவும் இருக்கலாம். தவிர, பூர்விக விழுக்காடு என்பது அந்த நிறுவனம் வைத்திருக்கும் ஒப்பீட்டுக் குழுக்களோடு உங்களை ஒப்பிட்டுச் செய்த மதிப்பீடுதான். அக்குழுக்கள் விரிவடைந்தால் அடுத்த ஆண்டு உங்கள் விழுக்காடும் மாறும், உங்கள் முன்னோர் மாறாமலேயே.

கேள்வி: உடல் ஃபோலேட் சத்தைப் பயன்படுத்த உதவும் எம்.டி.எச்.எஃப்.ஆர். மரபணுவில் மாறுபாடு இருப்பதாகச் சொல்லி ஊட்ட மாத்திரைகளைப் பரிந்துரைக்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: அந்த மாறுபாடு கோடிக்கணக்கானோருக்கு உண்டு, அது மட்டும் இருப்பதற்காக எதையும் வாங்க வேண்டாம்.

கேள்வி: 48 பக்க பி.டி.எஃப். இணைத்துள்ளேன். எனக்கு என்ன நோய் வரும் என்று சொல்லவும்.

பதில்: வயது இல்லை, சோதனை செய்துகொண்ட காரணம் இல்லை, குடும்பத்தில் யாருக்கு என்ன நோய் இருந்தது என்ற ஒரு வரியும் இல்லை. இதை வைத்துக்கொண்டு பதில் சொல்ல நான் சோதிடர் அல்லன். ஒரு வெள்ளைத்தாளை எடுத்து, ஆண்களைச் சதுரமாகவும் பெண்களை வட்டமாகவும் மூன்று தலைமுறைக்கு வரையுங்கள். நோய் இருந்தவரின் உருவை நிரப்பி, எந்த வயதில் நோய் தொடங்கியது என்று பக்கத்தில் எழுதுங்கள். இறந்தவர்மீது ஒரு சாய்கோடு இடுங்கள். தந்தை வழியை விட்டுவிடாதீர்கள், ஏனென்றால் மார்பகப் புற்றுநோயோடு தொடர்புடைய மரபணு மாறுபாடு தந்தையிடமிருந்தும் அதே அளவு வாய்ப்போடு வரும். அந்த ஒரு தாள் உங்கள் 48 பக்கங்களைவிட அதிகம் பேசும். அறிக்கையின் கடைசிப் பக்கத்தையும் படியுங்கள். எந்தப் பகுதிகளைப் படித்தார்கள், எவற்றைப் படிக்கவில்லை என்பது சிறிய எழுத்தில் அங்கேதான் இருக்கும்.

கேள்வி: வீட்டிலிருந்தே எச்சில் அனுப்பிச் செய்துகொண்ட சோதனையின் மூலத்தரவை (விளக்கம் சேர்க்காத முடிவுக் கோப்பை) தரவிறக்கி வேறோர் இணையதளத்தில் ஏற்றினேன். மார்பக, சினைப்பைப் புற்றுநோய்களோடு தொடர்புடைய பி.ஆர்.சி.ஏ.-1 மரபணுவில் நோய் தரும் மாறுபாடு இருப்பதாகச் சிவப்பு எழுத்தில் வந்துள்ளது. இரண்டு இரவுகளாகத் தூக்கமில்லை. சினைப்பைகளை அகற்றிவிட வேண்டுமா?

பதில்: தூங்குங்கள். இந்தத் தாளை நம்பி எதையும் அகற்ற வேண்டாம். இந்த வகைக் கடிதம் வராத மாதமே இல்லை என்பதால் இம்முறை சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்தச் சோதனை உங்கள் மரபணுத் தொகுப்பைப் படிக்கவில்லை. மனிதத் தொகுப்பில் ஏறத்தாழ 300 கோடி டி.என்.ஏ. எழுத்துகள் உள்ளன. சிப் எனப்படும் அந்தக் கருவி அவற்றுள் முன்கூட்டியே குறித்துவைத்த ஏழெட்டு லட்சம் இடங்களை மட்டும் தொட்டுப் பார்க்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அது எழுத்தை நேராக வாசிப்பதுமில்லை. ஒளிரும் சாயத்தின் அளவைத்தான் பார்க்கிறது. ஆயிரக்கணக்கானோரின் ஒளி அளவுகளை ஒரு வரைபடத்தில் புள்ளிகளாக இட்டால், ஒரு பொதுவான மாறுபாட்டுக்கு அவை மூன்று திரள்களாகப் பிரிந்து நிற்கும்: மாறுபாடு இல்லாதவர், ஒரு பிரதி உள்ளவர், இரு பிரதி உள்ளவர். புதிய புள்ளி எந்தத் திரளில் விழுகிறது என்று பார்த்து மென்பொருள் முடிவு சொல்லிவிடும். லட்சத்தில் ஒருவருக்கு இருக்கும் மாறுபாட்டுக்கோ திரளே கிடையாது. எல்லோரும் ஒரே குவியலாக இருக்க, சற்றுத் தள்ளி ஒற்றைப் புள்ளி நிற்கும். அது உண்மையான மாறுபாடா, சாயம் சரியாக ஒட்டாததால் நகர்ந்த புள்ளியா என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஆகவே கண், முடி, பால் செரிமானம் போன்ற பொதுவான மாறுபாடுகளில் நன்றாகவே வேலை செய்யும் சிப், அரிதான நோய் மாறுபாடுகளில் இப்படித் தடுமாறுகிறது.

இது என் ஊகம் அன்று. பிரிட்டனில் ஏறத்தாழ 50,000 பேரின் சிப் முடிவுகளை, எழுத்துகளை நேராக வாசிக்கும் வரிசைப்படுத்தலோடு ஒப்பிட்ட ஆய்வு 2021-இல் வெளியானது. மிக அரிதான மாறுபாடுகள் என்று சிப் காட்டியவற்றில் ஆறில் ஐந்து தவறு. பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் நோய் தருபவை என்று அது காட்டியவற்றிலோ நூற்றுக்கு நாலுதான் உண்மை. 2018-இல் வந்த ஒரு சிறிய ஆய்விலும், மூலத்தரவில் கண்டு உறுதி செய்ய அனுப்பப்பட்ட மாறுபாடுகளில் 40 விழுக்காடு மறுசோதனையில் காணப்படவே இல்லை. உங்கள் மூலத்தரவைத் தந்த நிறுவனமே, இது மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்ற எச்சரிக்கையைத் தரவிறக்கும் பொத்தானுக்குப் பக்கத்திலேயே எழுதியிருக்கும். பெட்டியில் குறியிட்டுவிட்டுக் கடந்திருப்பீர்கள்.

தாய், இரண்டு மகள்கள் என மூவரும் இப்படி ஒரு தாளோடு என் எதிரில் உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கிறேன். மருத்துவ ஆய்வகத்தில் புதிய ரத்த மாதிரியைக் கொண்டு செய்த மறுசோதனையில் மூவருக்கும் ஒன்றுமில்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு, அது இன்னும் ஆபத்தானது. பி.ஆர்.சி.ஏ. மரபணுக்களில் நோய் தரும் மாறுபாடுகள் ஆயிரக்கணக்கில் அறியப்பட்டுள்ளன; வீட்டுச் சோதனை அவற்றுள் சிலவற்றை மட்டுமே பார்க்கிறது. பச்சை எழுத்தில் வந்ததால் கவலையின்றி இருப்பவர்கள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. அவர்களை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. உங்கள் குடும்ப வரலாறு எப்படி இருந்தாலும், இந்த முடிவை ஒரு மருத்துவ ஆய்வகத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். உறுதியாகி, அந்த மாறுபாடு உண்மையிலேயே இருக்குமானால், மார்பகப் புற்றுநோய்க்கான வாழ்நாள் வாய்ப்பு 70 விழுக்காட்டை ஒட்டியிருக்கும். அப்போது அறுவை சிகிச்சையைப் பற்றி மரபணு ஆலோசகரோடு உட்கார்ந்து பேசலாம்.

கேள்வி: என் பெரியம்மாவும் அம்மாவும் மார்பகப் புற்றுநோயால் இறந்தார்கள். எனக்குச் செய்த பேனல் சோதனை (பல மரபணுக்களை ஒன்றாகப் பார்ப்பது) நெகட்டிவ். இனி ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை தேவையில்லை அல்லவா?

பதில்: தேவை. அவர்கள் இருவரில் ஒருவரிடம் ஒரு குறிப்பிட்ட மாறுபாடு கண்டறியப்பட்டு, அது உங்களிடம் இல்லை என்று தெரிந்தால்தான் உங்கள் நெகட்டிவுக்கு முழுப் பொருள் உண்டு. அவர்களைச் சோதிக்காத நிலையில், தேடிய பட்டியலில் இருந்தது உங்களிடம் அகப்படவில்லை என்பது மட்டுமே அதன் பொருள். காரணமான மரபணு அந்தப் பேனலில் இல்லாமலே இருக்கலாம். முன்பும் பலமுறை எழுதியதுதான்: குடும்பத்தில் நோயுற்றவரை முதலில் சோதியுங்கள், பிறகு நலமாக இருப்பவரைச் சோதியுங்கள். சேமிக்கப்பட்ட திசுத் துண்டு மருத்துவமனையில் இன்னும் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். சில வேளைகளில் அதுவே கைகொடுக்கும்.

கேள்வி: "பொருள் தெளியாத மாறுபாடு" என்று வந்துள்ளது. இது பாதி ஆபத்தா?

பதில்: பாதி ஆபத்து என்று ஒரு வகை கிடையாது. 2015-இல் வெளியான அமெரிக்க வழிகாட்டு நெறிகளின்படி மாறுபாடுகள் தீங்கற்றதிலிருந்து நோய் தருவது வரை ஐந்து படிகளாகப் பிரிக்கப்படுகின்றன. நடுப்படியில் இருப்பது, தீர்ப்பளிக்கச் சான்று போதாத மாறுபாடு. சான்று சேரச் சேர இவற்றில் பெரும்பாலானவை தீங்கற்றவை என்ற பக்கமே போகின்றன. இதை வைத்துக்கொண்டு சிகிச்சையை மாற்றக் கூடாது; உறவினரையெல்லாம் அழைத்துச் சோதிக்கவும் தேவையில்லை. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, வகைப்பாடு மாறியதா என்று ஆய்வகத்தைக் கேளுங்கள். அவர்களாகவே தெரிவிப்பார்கள் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கணவர், நான் இருவரும் பீட்டா தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயின் கேரியர்கள் (நோயின்றி மாறுபாட்டை மட்டும் சுமப்பவர்கள்). முதல் குழந்தைக்கு நோய் உள்ளது. நான்கில் ஒன்று என்றார்கள். ஆகவே அடுத்த மூவரும் நலமாகப் பிறப்பார்கள்தானே?

பதில்: இல்லை. கருவுக்கு மூத்த குழந்தையின் கணக்குத் தெரியாது. ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒன்று என்ற வாய்ப்பு புதிதாகவே தொடங்குகிறது. நோயின்றிப் பிறக்கும் குழந்தைகள் கேரியராக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பாதி என்று சொல்பவர்கள் நோயுள்ள குழந்தையையும் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். உங்கள் இருவரின் மாறுபாடுகளும் எவை என்று முன்பே உறுதிசெய்துகொண்டால், அடுத்த கருவில் அவற்றை நேராகத் தேட முடியும்.

கேள்வி: 11-ஆம் வாரத்தில் என் ரத்தத்தில் செய்த சோதனையில் டவுன் நோய்க்குறிக்கு "அதிக வாய்ப்பு" என்று வந்துள்ளது. 99 விழுக்காடு துல்லியம் என்கிறார்கள். இனி ஐயத்துக்கு இடமில்லைதானே?

பதில்: இடமுண்டு. அந்த 99, நோய்க்குறி உள்ள கருக்களில் எத்தனையைச் சோதனை பிடிக்கும் என்பதைச் சொல்கிறது. சோதனை கைகாட்டிய கருக்களில் எத்தனைக்கு உண்மையில் நோய்க்குறி உண்டு என்பது வேறு கணக்கு. இளவயதுத் தாய்மார் 10,000 பேரில் ஏறத்தாழ 10 கருக்களுக்கு அந்தக் குறை இருக்கும்; பத்தையும் சோதனை பிடித்துவிடும். ஆயிரத்தில் ஒருவரைத் தவறாகக் கைகாட்டினால் இன்னொரு 10 பேர் சேர்வார்கள். அப்படியானால் அச்சுறுத்தப்பட்ட 20 பேரில் பாதிப்பேருக்கு ஒன்றுமில்லை. உங்கள் வயது கூடக் கூட இந்தக் கணக்கு மாறும். வயதை நீங்கள் எழுதவில்லை. மேலும் தாயின் ரத்தத்தில் மிதக்கும் அந்த டி.என்.ஏ. நஞ்சுக்கொடியிலிருந்து வருவது; நஞ்சுக்கொடியும் கருவும் எப்போதும் ஒத்திருப்பதில்லை. 15-ஆம் வாரத்துக்குப் பிறகு எடுக்கும் பனிக்குட நீர்ச் சோதனையே உறுதியைத் தரும். அதற்கு முன் எந்த முடிவும் எடுக்க வேண்டாம்.

கேள்வி: என் கட்டியில் ஒரு மரபணுப் பிறழ்வு இருப்பதாக அறிக்கை. பிள்ளைகளுக்கும் போகுமா?

பதில்: கட்டியில் காணப்படும் பிறழ்வுகளில் பெரும்பாலானவை அந்தக் கட்டிக்குள்ளேயே தோன்றியவை; அவை பிள்ளைகளுக்குப் போகா. உங்கள் பிறழ்வு பிறப்பிலேயே வந்ததா என்பதை அறிய ரத்தத்திலோ தோலிலோ தனியே சோதிக்க வேண்டும். எதைச் சோதித்தார்கள் என்பது மறுபடியும் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கும்.

கேள்வி: என் மனைவிக்கு ஹண்டிங்டன் என்ற பரம்பரை மூளை நோய். 14 வயது மகனுக்கு இப்போதே சோதித்துவிடலாமா?

பதில்: கூடாது. நடுவயதில் தொடங்கும், இன்றுவரை தடுக்க வழியில்லாத நோய் அது. பாதி வாய்ப்போடு வாழும் ஒருவருக்கு அறியும் உரிமை இருப்பது போல அறியாமல் இருக்கும் உரிமையும் உண்டு. அதைத் தந்தை எடுத்துக்கொள்ள முடியாது. மகன் வளர்ந்து தானே கேட்கும்போது, ஆலோசனையோடு செய்துகொள்ளட்டும். 1993-இல் அந்த மரபணு கண்டறியப்பட்ட பிறகு சோதனை எளிதாகிவிட்டது: மூன்றெழுத்துத் தொடர் ஒன்று எத்தனை முறை திரும்ப வருகிறது என்று எண்ணுகிறார்கள், 40-ஐ எட்டினால் நோய் வரும். சோதனை எளிது என்பதால் முடிவும் எளிதாகிவிடாது. சோதித்துக்கொள்ள உரிமையுள்ள பெரியவர்களிலும் பலர் வேண்டாம் என்றே விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: என் தரவை நிறுவனத்திடமிருந்து நீக்கச் சொல்லிவிட்டேன். இனி யாரும் என்னை அடையாளம் காண முடியாது அல்லவா?

பதில்: உங்கள் சித்தப்பா மகளின் தரவு எங்காவது இருந்தால் முடியும். கலிஃபோர்னியாவில் பல பத்தாண்டுகள் அகப்படாமல் இருந்த தொடர்கொலையாளியை 2018-இல் பிடித்தது, அவர் தந்த மாதிரியால் அன்று. தொலைதூர உறவினர்கள் பொதுத் தளத்தில் ஏற்றிவைத்த தரவால். நீக்கச் சொன்னது சரிதான். எச்சில் குப்பியையும் அழித்துவிட்டார்களா என்று தனியே கேளுங்கள்.

கேள்வி: என் அண்ணன் எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெற்றவர். அவருக்கு எச்சில் சோதனை போதுமா, ரத்தம் வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம். அவருடைய ரத்தத்தில் இப்போது ஓடுவது கொடையாளியின் அணுக்கள். எச்சிலிலும் வெள்ளையணுக்கள் கலந்திருப்பதால் அங்கும் கொடையாளியின் மரபணுக்கள் கலந்தே படிக்கப்படும். தோலிலிருந்து சிறு துண்டு எடுத்து, அணுக்களை வளர்த்துச் சோதிக்க வேண்டும். மாற்றுச் சிகிச்சை பெற்றதை விண்ணப்பப் படிவத்தில் முதல் வரியிலேயே எழுதச் சொல்லுங்கள்.