மாதச் சந்தா டாக்டரும் அம்மாவின் மார்ஃபின் மாத்திரையும்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரின் சாட்ஸ்வர்த்தில் இருக்கிறோம். அம்மாவுக்கு 71 வயது. முதுகெலும்பில் ஆபரேஷன் செய்தும் வலி தீரவில்லை. வழக்கமான டாக்டர் வலி மாத்திரை எழுதத் தயங்கியதால், மாதம் 3,500 ராண்ட் சந்தா கட்டினால் வீட்டுக்கே வரும் ஒரு டாக்டரிடம் 12 மாத ஒப்பந்தம் போட்டோம். எட்டு மாதம் டிரமடால் என்ற வலி மாத்திரை கொடுத்தார். போன மாதம் வீட்டுக்கு வந்து பார்த்து மார்ஃபின் மாத்திரை எழுதினார். இந்த மாதம் வரவில்லை, மருந்துச்சீட்டை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினார். ஃபார்மசியில் மறுத்துவிட்டார்கள். கேட்டால், "இனி நானே மாத்திரை கொண்டுவருகிறேன், ரொக்கமாகக் கொடுங்கள்" என்கிறார். சந்தாவை மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) தரவில்லை. இடையில் விலகவும் முடியாதாம். போதைமருந்து வாங்கும் குடும்பம் ஆகிவிட்டோமே என்று அம்மா அழுகிறார். சித்திக்குக் கால் வலி என்று இரண்டு மாத்திரை கொடுத்தும் இருக்கிறார். நாங்கள் செய்தது குற்றமா?

பதில்: முதலில் அம்மாவின் அழுகையை நிறுத்துங்கள். டாக்டர் நேரில் பார்த்து எழுதிய சீட்டுக்கு ஃபார்மசியில் வாங்கிய மார்ஃபினை வீட்டில் வைத்திருப்பது குற்றம் இல்லை. 1992ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டம் மார்ஃபினை ஆபத்தான பொருட்களின் பட்டியலில் வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அதே சட்டத்தின் 4ஆம் பிரிவு, டாக்டரிடமோ அவருடைய சீட்டின் பேரில் மருந்தாளரிடமோ முறைப்படி வாங்கிய நோயாளிக்கு விலக்குத் தருகிறது. வலியில் இருக்கும் வயதானவர்களைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கிற வழக்கம் நம் ஊரில் இருக்கிறது. எனக்கு அது கொஞ்சமும் பிடிக்காது. மருந்து கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நீங்கள் கவனிக்க வேண்டியது "முறைப்படி" என்ற அந்த நிபந்தனையை. மாதம் 3,500 ராண்ட் கொடுத்து நீங்கள் வாங்குவது டாக்டரின் நேரத்தை. மருந்துக்கான சட்டம் சந்தா கட்டியவருக்கும் கட்டாதவருக்கும் ஒன்றுதான்.

ஃபார்மசியில் உங்களைத் திருப்பி அனுப்பிய மருந்தாளர் மேல் கோபம் வேண்டாம், அவர் செய்தது சரி. மார்ஃபின், 1965ஆம் ஆண்டின் மருந்துச் சட்டப்படி ஷெட்யூல் 6, அதாவது கடுமையான கட்டுப்பாடுள்ள மருந்து வகை. அதற்கு டாக்டர் கையால் கையெழுத்திட்ட அசல் சீட்டு வேண்டும், அல்லது சட்டம் ஏற்கிற உயர்நிலை மின்கையொப்பம் உள்ள மின்சீட்டு வேண்டும். போனில் வந்த படம் இரண்டிலும் சேராது. சீட்டில் அம்மாவின் பெயர், முகவரி, வயது, டாக்டரின் பெயர், தகுதி, பிராக்டிஸ் எண், தேதி எல்லாம் இருக்க வேண்டும். மாத்திரை எத்தனை என்பதை எண்ணாலும் எழுத்தாலும் எழுத வேண்டும். போன மாதச் சீட்டின் நகல் இருந்தால் எடுத்துப் பாருங்கள், "60 (அறுபது)" என்பதுபோல் ஆங்கிலத்தில் எழுதியிருக்கும். ஒரு தடவைக்கு 30 நாளைக்கு மேல் கொடுக்க முடியாது, அதே சீட்டில் மறுபடி வாங்கவும் முடியாது. ஒவ்வொரு மாதமும் புதுச் சீட்டு. மருந்தாளர் இதற்கென்று தனிப் பதிவேடு வைத்து, மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர் கடைசி நாளில் மீதிக் கணக்கைக் காட்ட வேண்டும். ஒரு சீட்டு குறைந்தாலும் அவர் உரிமத்துக்குத்தான் ஆபத்து.

டிரமடால் ஷெட்யூல் 5. அதை வலிக்காக ஆறு மாதத்துக்கு மேல் எழுத வேண்டுமென்றால், டாக்டர் இன்னொரு டாக்டரைக் கலந்தாலோசித்துவிட்டுத்தான் புதுச் சீட்டு எழுதலாம் என்று அதே மருந்துச் சட்டத்தின் 22ஏ பிரிவு சொல்கிறது. உங்கள் அம்மாவுக்கு எட்டு மாதம் ஓடியிருக்கிறது. யாரைக் கேட்டார், எப்போது கேட்டார் என்று டாக்டரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்காமல் எழுதியிருந்தால் தவறு அவருடையது. அம்மா மேல் எந்தப் பொறுப்பும் வராது.

அடுத்து, பையில் மாத்திரை கொண்டுவரும் யோசனை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது இதுதான். தென்னாப்பிரிக்காவில் டாக்டர் பட்டம் மட்டும் இருந்தால் மருந்து விற்க முடியாது. 22சி பிரிவின்படி சுகாதாரத் துறைத் தலைமை இயக்குநர் தரும் தனி உரிமம் வேண்டும், அதற்கென்று ஒரு படிப்பும் முடித்திருக்க வேண்டும். வந்த இடத்தில் வலிக்கு ஓர் ஊசி போட்டுவிட்டுப் போவது வேறு, அதற்கு அந்த உரிமம் தேவையில்லை. ஒரு மாத மாத்திரையைக் கையில் கொடுத்துக் காசு வாங்குவது வேறு. உரிமமே இருந்தாலும் அவர் நினைத்த விலை வைக்க முடியாது. தனியார் துறையில் ஒவ்வொரு மருந்துக்கும் ஒரே விலைதான். அதற்கு மேல், மருந்தை எடுத்துக் கொடுப்பதற்கென்று விதிகளில் சொல்லியிருக்கும் கட்டணத்தை மட்டுமே சேர்க்கலாம்.

ஆகவே அவரிடம் மூன்று கேட்டு வாங்குங்கள்: உரிமத்தின் நகல், அம்மா பெயரும் அளவும் எழுதிய லேபிளுடன் மருந்து, விலை பிரித்துப் போட்ட ரசீது. தயங்கினால் மாத்திரையைத் தொடாதீர்கள். சீட்டும் ரசீதும் இல்லாத மார்ஃபின் வீட்டில் இருந்தால், மேலே சொன்ன 4ஆம் பிரிவு விலக்கை அம்மாவால் நிரூபிக்க முடியாமல் போகலாம். அவருடைய பதிவு எண்ணையும் வாங்கி, சுகாதாரத் தொழில் மன்றமான எச்பிசிஎஸ்ஏ-வின் இணையப் பதிவேட்டில் போட்டுப் பாருங்கள். எண் எம்பி என்ற எழுத்துகளில் தொடங்கும். பதிவு நடப்பில் இருக்கிறதா என்று அங்கேயே தெரியும்.

சித்தி விஷயம். காசு வாங்கவில்லையே என்பீர்கள். மருந்துச் சட்டத்தில் விற்பனை என்பதன் விளக்கத்தில், சும்மா கொடுப்பதும் அடங்கும். போதைப்பொருள் சட்டமும் பிறருக்குக் கொடுப்பதைக் கடுமையாகவே பார்க்கிறது. சொந்தத் தங்கைக்குக் கொடுத்த இரண்டு மாத்திரைக்காகப் போலீஸ் வரும் என்று பயமுறுத்த மாட்டேன். ஆனால் சித்தி தூக்க மாத்திரை சாப்பிடுகிறவராக இருந்து, இரண்டும் சேர்ந்து மூச்சுத் திணறினால் என்ன செய்வீர்கள்? இனி ஒன்றுகூடக் கொடுக்க வேண்டாம். பூட்டி வையுங்கள். அப்புறம், அம்மா இன்னும் கார் ஓட்டுகிறார் என்றால் டாக்டரிடம் கேட்காமல் விடாதீர்கள். மருந்து மயக்கத்தில் வண்டி ஓட்டினால் சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 65ஆம் பிரிவு பாயும், சீட்டு இருக்கிறது என்பது அங்கே சாக்காகாது.

மெடிக்கல் எய்ட் சந்தாவை மறுத்தது எதிர்பார்த்ததுதான். ஆனால் அவர் வீட்டுக்கு வந்து பார்த்த ஒவ்வொரு தடவைக்கும் தனி பில், நோய்க்குறியீடு, பிராக்டிஸ் எண்ணுடன் கேளுங்கள். சிகிச்சை நடந்த மாதத்துக்கு அடுத்த நாலாவது மாத முடிவுக்குள் அனுப்பினால் அதைப் பரிசீலிக்க வேண்டும்.

ஒப்பந்தத்திலிருந்து விலக முடியாது என்பதை நம்பாதீர்கள். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 14ஆம் பிரிவின்படி, கால வரையறை போட்ட ஒப்பந்தத்தை 20 வேலை நாள் முன்னறிவிப்பு எழுத்தில் கொடுத்து நுகர்வோர் முடித்துக்கொள்ளலாம். அதுவரைக்கும் உள்ள பாக்கியையும் நியாயமான ரத்துக் கட்டணத்தையும் அவர் கேட்கலாம். மீதி மாதச் சந்தா முழுவதையும் அபராதமாகக் கேட்டால் மறுத்து எழுதுங்கள். கட்டணமே அநியாயம் என்று தோன்றினால், பில் கைக்கு வந்த மூன்று மாதத்துக்குள் எச்பிசிஎஸ்ஏ-வின் தொழில் வாரியத்திடம் விண்ணப்பிக்கலாம். தனியார் டாக்டர் கட்டணத்துக்கு அரசு உச்சவரம்பு கிடையாது. ஆனால் வழக்கத்தைவிட அதிகம் வாங்குகிறவர், வழக்கமான கட்டணம் எவ்வளவு என்பதையும் சேர்த்து முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் இன்றைக்கே ரத்துக் கடிதம் அனுப்பிவிடாதீர்கள். மார்ஃபினைத் திடீரென்று நிறுத்தினால் அம்மா உடம்பு தாங்காது. முதலில் மாற்று டாக்டரைப் பிடியுங்கள். மார்ஃபின் அரசு மருத்துவமனைகளின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது, சந்தா கட்டினால்தான் கிடைக்கும் என்றில்லை. சாட்ஸ்வர்த்திலேயே ஆர். கே. கான் மருத்துவமனை இருக்கிறது. அம்மா முதியோர் உதவித்தொகை வாங்குகிறவர் என்றால், மெடிக்கல் எய்ட் இருந்தும் கட்டண விலக்கு உண்டா என்று அங்கே கேளுங்கள். போகும்போது ஆபரேஷன் அறிக்கை, பழைய சீட்டுகள், மாத்திரைப் பெட்டி எல்லாம் எடுத்துப் போங்கள். இப்போதைய டாக்டரிடம் அம்மாவின் சிகிச்சைப் பதிவுகளின் நகலை எழுத்தில் கேளுங்கள். தகவல் பெறும் சட்டப்படி 30 நாளுக்குள் அவர் பதில் சொல்ல வேண்டும். புது டாக்டர் அம்மாவைப் பார்த்துச் சீட்டு எழுதும் வரைக்கும், இந்த டாக்டரையே வீட்டுக்கு வரச்சொல்லி, பரிசோதித்து, அசல் சீட்டில் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதற்குத்தானே மாதாமாதம் 3,500 ராண்ட் கொடுக்கிறீர்கள்.