சிவப்புக் கோடு விழாத பிழைகள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் அப்பா விருதுநகர் பக்கம் தொடக்கப்பள்ளி ஆசிரியராக இருந்தவர். அவர் நோட்டுகளில் எழுதி வைத்த ஊர்க்கதைகளைப் புத்தகமாக்க நினைக்கிறேன். பாதியை நானே தட்டச்சு செய்தேன். மீதி, தம்பி பல வருடங்களுக்கு முன் டிடிபி செய்து வைத்திருந்தது. அதை, எழுத்துக்கு ஓர் எண் என்று எல்லாக் கணினிக்கும் பொதுவாக உள்ள யூனிகோடு முறைக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறான். இப்போது திரையைத் திறந்தால் பக்கமெல்லாம் சிவப்புக் கோடு. கம்மாய், வெஞ்சணம், கருக்கல் எல்லாமே தப்பு என்கிறது. அப்பாவுக்குத் தமிழ் சரியாக வராதோ என்றுகூடத் தோன்றிவிட்டது. எந்தப் பிழைதிருத்தி நல்லது? செயற்கை நுண்ணறிவிடம் கொடுத்து மொத்தமாகத் திருத்தச் சொல்லலாமா? ஒற்றுப்பிழையை நினைத்தாலும் பயமாக இருக்கிறது.

க.

அன்புள்ள க.,

ஒரு மென்பொருள் கோடு போட்டதும் அப்பாவின் தமிழைச் சந்தேகப்பட்டீர்கள் பாருங்கள், அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்கு அகரம் சொல்லிக்கொடுத்த மனிதர் அவர்.

‘இந்தச் சொல் என் பட்டியலில் இல்லை’ என்பதற்கு மேல் அந்தக் கோட்டுக்குப் பொருள் கிடையாது. லிப்ரே ஆஃபிஸ், ஃபயர்பாக்ஸ் போன்ற மென்பொருள்களுக்குள் இருந்து இந்த வேலையைச் செய்வது ஹன்ஸ்பெல் என்ற பிழைதிருத்தி. லாஸ்லோ நேமெத் என்பவர் ஹங்கேரிய மொழிக்காக எழுதியது. வேர்ச்சொற்களின் பட்டியல் ஒன்று, எதனோடு எந்த விகுதி ஒட்டும் என்ற விதிகள் ஒரு கோப்பு, அவ்வளவுதான் அதன் கட்டமைப்பு. ஹங்கேரியமும் தமிழைப் போல ஒட்டுநிலை மொழி என்பதால் அந்த முறை நமக்கு அந்நியமானதல்ல. ஆனால் நம் ஒரு வினைச்சொல்லே காலம், இடம், பால், வேற்றுமை, உம், தான், ஏ என்று ஒட்டிக்கொண்டு ஆயிரக்கணக்கான வடிவம் எடுக்கும். அத்தனைக்கும் விதி எழுதுவதற்கே ஆள் போதவில்லை. வெஞ்சணத்தை யார் சேர்த்திருப்பார்கள்?

நீங்கள் சேருங்கள். கோடு விழுந்த இடத்தில் வலது பொத்தானை அழுத்தி ‘அகராதியில் சேர்’ என்று கொடுத்துக்கொண்டே போங்கள். நிஜமான தட்டச்சுப் பிழைகள் வழியிலேயே மாட்டிக்கொள்ளும். சேர்த்த சொற்கள் உங்கள் கணினியில் தனி அகராதிக் கோப்பாக இருக்கும். லிப்ரே ஆஃபிஸில் அது வெறும் உரைக் கோப்பு, திறந்து படிக்கலாம். அது உங்கள் அப்பாவின் சொற்பட்டியல், க. பொருள் எழுதிப் புத்தகத்தின் பின்னால் சேர்த்துவிடுங்கள். ஊர்ப் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் மொத்தமாகக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். கருக்கலில் கிளம்பியவன் ‘மாலை நேரத்தில் புறப்பட்டான்’ என்று திரும்பி வருவான். வாக்கியம் வழவழவென்று இருப்பதால் உங்களுக்கு உறுத்தவும் செய்யாது. பிழையைச் சுட்டிக்காட்ட மட்டும் சொல்லலாம், திருத்துவது உங்கள் கையாக இருக்கட்டும். ஒற்றுக்கு நீச்சல்காரன் என்பவர் உருவாக்கிய நாவி என்ற திருத்தி இருக்கிறது, எழுத்துப்பிழைக்கு அவருடைய வாணி இருக்கிறது; இரண்டிலும் போட்டுப் பாருங்கள். பாத்திரங்கள் பேசுகிற இடத்தில் மட்டும் ஒற்றில் கைவைக்காதீர்கள். இதற்கெல்லாம் பயப்படுகிற வயதா உங்களுக்கு?

எனக்குக் கவலை உங்கள் தம்பி மாற்றிக் கொடுத்த பாதியைப் பற்றித்தான். அதில் கோடு விழாத பிழைகள் இருக்கும். கண்ணுக்கும் தெரியாது.

பழைய டிடிபி எழுத்துருக்கள் பலவற்றில் ‘மௌ’ எழுத, மெ போட்டுப் பக்கத்தில் ள போடுவார்கள். தாளில் அச்சாகிற வரை அதில் ஒரு குறையும் இல்லை. யூனிகோடில் ஔகாரக் குறிக்குத் தனி எண் உண்டு, ள என்ற எழுத்துக்கு வேறு எண். மாற்றும் நிரல் கவனமாக எழுதப்படவில்லை என்றால் மெ, ள என்றே மாற்றி வைத்துவிடும். மௌனம், மெளனம் இரண்டையும் பாருங்கள். முதலாவது ஔகாரம், இரண்டாவதில் இருப்பது ள. ஔவையாரும் இப்படித்தான் ஒ, ள என்று இரண்டு எழுத்தாகி ‘ஒளவையார்’ ஆகிவிடுவார். ஒகரக் கொம்பையும் காலையும் தனித்தனியாக அடித்திருந்தால் யூனிகோடு விதிப்படி அதை ‘ொ’வுக்குச் சமமாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. இதற்கு அந்த வழியும் இல்லை. கணினிக்கு இவை இரண்டு வெவ்வேறு சொற்கள்.

ஒரு நூலகத்தின் மின்பட்டியலில் ஔவையார் என்று தேடினேன். ஒன்றுமே இல்லை என்று வந்தது. அங்கிருந்த பெண் எழுந்துபோய் அலமாரியிலிருந்து கை நிறைய எடுத்துக்கொண்டு வந்தார். பட்டியலில் எல்லாம் ‘ஒளவை’ என்று ஏறியிருக்கிறது. அன்று எனக்கு வந்த கோபம் இன்னும் தீரவில்லை. ஒற்று மிகுமா மிகாதா என்று ஆண்டுக்கணக்கில் சண்டை போடுகிறோம். ஒற்று விட்டுப்போன புத்தகத்தைப் படித்துவிடலாம். தேடினால் கிடைக்காத புத்தகத்தை என்ன செய்வது? மொழித்தொழில்நுட்பத்தின் முதல் வேலை எழுதியதைக் கண்டெடுக்கத் தருவது. அதைச் செய்யாமல் வேறு எதைச் செய்து என்ன பயன்? உங்கள் புத்தகத்துக்கு அகரவரிசையில் சொல்லடைவு தயாரித்தாலும் இதே கதைதான். மோருக்குப் பிறகு வரவேண்டிய மௌனம் மெழுகுக்குப் பின்னால் போய் உட்கார்ந்திருக்கும்.

இளம் வயதில் மதுரையில் ஓர் அச்சகத்தில் மெய்ப்புப் பார்த்தேன். எதிரில் ஒரு பெரியவர் மூலப்பிரதியை உரக்க வாசிப்பார், கமாவையும் முற்றுப்புள்ளியையும் சேர்த்து. நான் ஈரம் காயாத தாளில் விரல் வைத்துப் பின்தொடர்வேன். கண் ஏமாறுகிற இடத்தில் காது ஏமாறாது என்று அவரிடம்தான் கற்றேன். இப்போது கைப்பேசியே தமிழை வாசிக்கிறது. அத்தியாயம் அத்தியாயமாக வாசிக்கவிட்டு, நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு கேளுங்கள். விட்டுப்போன சொல், இரண்டு முறை வந்த சொல், பள்ளி பல்லியானது எல்லாம் காதில் விழும். ‘ஒளவை’யில் ள தனியாக ஒலித்தால் அங்கேயே பிடித்துவிடலாம். அரை, அறை வித்தியாசம் மட்டும் காதுக்குச் சரியாக எட்டாது. அதை நோட்டோடு ஒப்பிட்டுக் கண்ணால்தான் பார்க்க வேண்டும்.

ஔகாரத்தைத் திருத்தும்போது அவசரப்பட்டு ‘ஒள’வை எல்லாம் ‘ஔ’வாக மாற்று என்று ஒரே அடியாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒளி, ஒளிந்தான், ஒளிவுமறைவு அத்தனையும் சிதைந்துபோகும். ‘மெள’வை மாற்றினாலும் மெள்ள என்ற சொல் போய்விடும். ஒளவை, ஒளடதம், மெளனம், பெளர்ணமி, கெளரவம் என்று சொல் சொல்லாகத் தேடி, ஒவ்வொன்றையும் பார்த்து மாற்றுங்கள். இனிமேல் அடிப்பதைத் தமிழ்99 விசைப்பலகையில் அடித்தால் ஔவுக்குத் தனி விசை இருக்கிறது, Z இருக்கும் இடத்தில். தம்பியிடம் அந்தப் பழைய டிடிபி கோப்பை அழிக்க வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லுங்கள். மாற்றியதில் வேறு எங்காவது எழுத்து விழுங்கப்பட்டிருந்தால், ஒப்பிட அதுதான் வேண்டும்.