சத்தம் நிண்டா சுகம் எண்டு நினையாதீங்க

கேள்வி: அண்ணை, என்ர ஸ்கூட்டி காலமை ரெண்டு கிக்ல பிடிக்குது, உப்புவெளியில இருந்து நிலாவெளி போய் நிப்பாட்டிட்டு திரும்ப அடிச்சா செல்ஃப் கிர்ர் எண்டு லேசா சுத்துதே ஒழிய ஸ்டார்ட் ஆகுதில்ல, நல்லா ஆறவிட்டா பிடிக்கும். பிளக் மாத்தியாச்சு, காபரேட்டர் கழுவியாச்சு. போன மாசம் டப்பெட் சத்தம் எண்டு கராஜ்ல குடுத்து டைட் பண்ணினது, இப்ப சத்தமே இல்ல. ரிங் தேஞ்சிட்டுது, ஹெட் கழட்டோணும் எண்டுறாங்கள். கழட்டவோ?
வாசகர், உப்புவெளி

பதில்: பொறுங்க தம்பி, கழட்டாதீங்க. "இப்ப சத்தமே இல்ல" எண்டு எழுதியிருக்கிறீங்களே, அங்கதான் எனக்கு சந்தேகம். வால்வ அமத்தித் திறக்கிற ராக்கர் ஆமுக்கும் வால்வு தண்டுக்கும் நடுவில ஒரு துளி இடைவெளி விடோணும், டப்பெட் வைக்கிறது எண்டா இந்த இடைவெளிய அளவுக்கு வைக்கிறதுதான், சின்ன ஸ்கூட்டிகள்ல அது பெரும்பாலும் 0.10 மி.மீ. சுத்தித்தான் வரும், மொடலுக்கு மொடல் மாறும், உங்கட வண்டிப் புத்தகத்தில பாருங்க. சூட்டில வால்வு தண்டு நீளும், அதுக்குத்தான் அந்த இடம், சத்தத்த அடக்கிறம் எண்டு அதையும் இறுக்கிவிட்டா வால்வு மூடேக்க குந்திற சீற்ல முழுசா குந்தாது, பிஸ்டன் மேல வந்து அமத்திற காத்தும் பெற்றோலும் அந்த இடுக்கால போயிடும், அந்த அமுக்கம், கொம்ப்ரஷன், இல்லாட்டி ஸ்பார்க் எவ்வளவு நல்லா அடிச்சும் என்ன! செல்ஃப் லேசா சுத்திறதும் அதாலதான், எதிர்த்துத் தள்ள உள்ளுக்க ஒண்டுமில்ல.

இதோட ஓடித்திரியாதீங்க. எக்ஸோஸ்ட் வால்வு தன்ர சூட்ட சீற்ல குந்தேக்கதான் ஹெட்டுக்குக் கடத்துது, குந்தாட்டி விளிம்பு எரிஞ்சிடும், பிறகு டப்பெட் வச்சு பிரயோசனமில்ல, வால்வே மாத்தோணும்.

ராத்திரி முழுக்க ஆறவிட்டு காலமை வையுங்க, திருக்கோணமலை வெயில்ல மத்தியானம் கராஜ் வாசல்ல நிண்ட வண்டிக்கு உடன டப்பெட் வைக்கிறது சரிவராது. ஃபிளைவீல்ல 'T' கோட்ட, பிஸ்டன் உச்சிக்கு வாற அடையாளம் அது, நேராக்கி, ரெண்டு ராக்கரும் ஆடுதோ எண்டு பாருங்க, ஆடாட்டி இன்னொரு சுத்து சுத்தோணும். இடைவெளி அளக்கிற தகடு, ஃபீலர் கேஜ், மெல்லிசா உரசிக்கொண்டு போகோணும். நட்ட இறுக்கினாப் பிறகு திரும்ப கேஜ் விட்டுப் பாருங்க, இறுக்கேக்க ஸ்குரூ அசையும், கனபேர் இத விட்டிடுவினம்.

அப்பவும் பிடிக்காட்டி ஒருக்கா கொம்ப்ரஷன் பாத்திட்டு, பிளக் ஓட்டையால ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஓயில் விட்டு திரும்பப் பாருங்க, கூடினா ரிங், கூடாட்டி அநேகமா வால்வு. திரொட்டில முழுசா பிடிச்சுக்கொண்டு அடிக்கோணும், இல்லாட்டி கொம்ப்ரஷன் கேஜ் குறைச்சுத்தான் காட்டும்.

கேள்வி: டப்பெட் லூசா இருந்தா கொம்ப்ரஷன் போகுமோ? என்ர வண்டியில டக் டக் சத்தம், செல்ஃபும் முக்குது.
வாசகி, பாலையூற்று

பதில்: போகாது தங்கச்சி. லூசா இருந்தா வால்வு பிந்தித் திறந்து முந்தி மூடும், இழுவை கொஞ்சம் குறையும், சத்தம் கேக்கும், அவ்வளவுதான். செல்ஃப் முக்கிறதுக்கு முதல்ல பற்றரியப் பாருங்க. அது நல்லமெண்டா, சில எஞ்சின்ல ஸ்டார்ட் பண்ணேக்க எக்ஸோஸ்ட் வால்வ ஒரு துளி தூக்கிப் பிடிக்க, ராக்கரத் தள்ளுற கேம்ல ஒரு டீகொம்ப்ரசர் இருக்கு, டப்பெட் கூட லூசெண்டா அந்தத் தூக்கல் வால்வுக்குப் போய்ச் சேராது, செல்ஃப் முழுக் கொம்ப்ரஷனோடயும் மல்லுக்கட்ட வேண்டிவரும். ஃபீலர் கேஜ் விட்டு அளவுக்கு வையுங்க, சத்தம் முழுசா நிக்கோணும் எண்டு மட்டும் கராஜ்ல கேக்காதீங்க.